இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார்?

காமிக்ஸ் என்றதும், நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்கள் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது இரும்புக்கை மாயாவிதான். ஆனால் அந்த மாயாவியை வரைந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் முழிப்பார்கள்! நாயகன் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவனைப் படைத்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. இது எப்படி நேர்ந்தது?

1962: ஒரு மின் நிலையமும் ஒரு மாயாவியும்

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. அங்கே முதல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. அதே 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழ் பிறந்தது. அதில்தான் லூயிஸ் கிராண்டேல் அறிமுகமானான். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்ட அவன் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். மின்சாரத்தையே தொழிலாகக் கொண்ட நெய்வேலி நகரியத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாயகன் கிடைப்பானா? (வீட்டு பிளக்கில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்!)

பத்து ஆண்டுகள் கழித்து, 1972-ல், சிவகாசியில் சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' தமிழுக்கு வந்தது. தொடக்க காலத்தில் அதன் ஆசிரியராக இருந்தவர் முல்லை தங்கராசன். 1984-ல் லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் என்று மேலும் இரண்டு இதழ்கள் வந்தன. லயனைத் தொடங்கியபோது சௌந்தரபாண்டியனின் மகன் விஜயனுக்குப் பதினேழு வயதுதான். தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் 2005-ல் நின்றுபோனது. முத்துவும் லயனும் இன்றும் ரசிகர்களின் உயிர்.

பெயர் ஏன் மறைந்தது?

மாயாவியை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரர். பார்சிலோனாவில் 1919-ல் பிறந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. அவருடைய தம்பிகளும் ஓவியர்கள். வேலையில் அவருக்குத் துணை நின்றவர்கள். ஆனால் அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ அச்சிடும் வழக்கம் கிடையாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஓவியரை இழுத்துக்கொள்ளும் என்ற பயமும், படைப்பு முழுக்க நிறுவனத்தின் சொத்து என்ற எண்ணமும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. 1977-ல் தொடங்கிய '2000 ஏ.டி.' இதழ்தான் பெயர்களை அச்சிட ஆரம்பித்து அந்த வழக்கத்தை உடைத்தது.

மூலத்திலேயே பெயர் இல்லாதபோது தமிழுக்கு எப்படி வரும்? அதனால் 1995 அக்டோபரில் பிளாஸ்கோ காலமானபோது, அவருடைய கோடுகளைப் பார்த்தே வளர்ந்த தமிழ் வாசகர்களில் மிகப் பலருக்கு அது ஒரு செய்தியாகக்கூட எட்டவில்லை. 2000-களில் இணையமும் தமிழ் வலைப்பூக்களும் வந்த பிறகுதான், பழைய இதழ்களைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிய ரசிகர்கள் ஒவ்வொரு கதைக்கும் ஓவியர் யார் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அஞ்சலி செலுத்தப் போனால், ஆள் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது!

பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்களின் நிலைமை வேறு. அங்கே அட்டையிலேயே படைப்பாளியின் பெயர் இருக்கும். லக்கி லூக்கை 1946-ல் உருவாக்கிய மோரிஸ் 2001-ல் மறைந்தபோதும், தமிழில் கேப்டன் டைகராக வந்த புளூபெரியை வரைந்த ஜீன் ஜிரோ 2012 மார்ச்சில் மறைந்தபோதும், ரசிகர்களுக்கு யாரை இழந்தோம் என்பது தெரிந்திருந்தது. பெயர் அச்சிடுவது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒருவர் நினைக்கப்படுவாரா மறக்கப்படுவாரா என்பதை அதுவே முடிவு செய்துவிடுகிறது.

நம்மவர்கள்

நம் ஊர்க் கலைஞர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கோபுலு. 1924-ல் தஞ்சாவூரில் பிறந்தவர். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். கோபாலன் என்ற பெயரைக் 'கோபுலு' ஆக்கியவர் ஆனந்த விகடனின் ஓவியர் மாலி. ஒரு வார்த்தைகூட இல்லாமல் சிரிக்க வைக்கும் ஜோக்குகளும், 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு வரைந்த சித்திரங்களும் கோபுலுவின் அடையாளங்கள். பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது அவர் இடது கையால் வரையப் பழகிக்கொண்டார் என்பது குறிப்பிடத்தக்கது. 2015 ஏப்ரலில் மறைந்தார்.

அடுத்தவர் வாண்டுமாமா. இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. தமிழில் நேரடியாக எழுதப்பட்ட சித்திரக்கதைகளுக்கு அவர் ஒரு பெரிய தூண் எனலாம். ஓவியர் செல்லத்துடன் சேர்ந்து பல கதைகளைத் தந்தார். 1980-களில் அவர் ஆசிரியராக இருந்த 'பூந்தளிர்' வழியாகத்தான் கபீஷும், காக்கை காளியும், வேட்டைக்கார வேம்பும், சுப்பாண்டியும் தமிழ் வீடுகளுக்குள் வந்தார்கள். வாண்டுமாமா 2014 ஜூனில் காலமானார். சுப்பாண்டி திருச்சியைச் சேர்ந்த ஒரு வாசகர் 'டிங்கிள்' இதழுக்கு அனுப்பிய கதையில் பிறந்தவன். அவனுக்கு உருவம் கொடுத்த ராம் வாயீர்கர் 2003-ல் மறைந்தார்.

விழாவும் காத்திருப்பும்

1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோவில் சுமார் 300 பேர் கூடிய ஒரு சின்ன மாநாடுதான், பிறகு உலகப் புகழ்பெற்ற காமிக்-கான் ஆனது. இந்தியாவில் முதல் காமிக்-கான் 2011 பிப்ரவரியில் டெல்லியில் நடந்தது. அமர் சித்ர கதாவைத் தொடங்கிய அனந்த் பைக்கு அங்கே வாழ்நாள் சாதனையாளர் விருது அறிவிக்கப்பட்டது. சில நாட்களிலேயே, பிப்ரவரி 24 அன்று, அவர் மறைந்தார். ஒரு விழா சற்றுத் தாமதித்திருந்தால் பாராட்டு அஞ்சலியாக மாறியிருக்கும்!

சென்னைக்கு இந்த விழா வர இன்னும் 13 ஆண்டுகள் ஆயின. 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதல் முறையாகவும், 2025 பிப்ரவரியில் மறுபடியும் நடந்தது. நெய்வேலி ரசிகருக்குச் சென்னை சுமார் 200 கிலோமீட்டர். அதற்கு முன்பெல்லாம் அவருக்கு இருந்த திருவிழா, 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சி ஒன்றுதான். கொஞ்சம் தூரம் போக முடிந்தவர்களுக்கு ஈரோடு புத்தகத் திருவிழா சமயத்தில் நடக்கும் லயன்-முத்து வாசகர் சந்திப்பு.

காமிக்-கானில் வண்ண வண்ண வேடங்களும் ஜப்பானிய அனிமேவும் கண்ணைப் பறிக்கின்றன. அது தவறே இல்லை. இன்றைய பிள்ளைகளின் ரசனை அது. ஆனால் பழைய ரசிகர் விழா தேதிக்காகக் காலண்டரைப் பார்த்துக் காத்திருப்பது இன்னொன்றுக்கும் சேர்த்துத்தான். பிளாஸ்கோ, கோபுலு, வாண்டுமாமா, வாயீர்கர் ஆகியோரின் பெயர்கள் ஒரு சுவரிலாவது பெரிய எழுத்தில் இருக்குமா? நாயகனைப் போல வேடம் போடும் பிள்ளையிடம், அவனை வரைந்தவர் இவர்தான் என்று காட்ட ஓர் இடம் கிடைக்குமா?

விழா நடத்துபவர்கள் செய்வார்களா தெரியாது. வாசகர்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் பழைய முத்து, லயன், பூந்தளிர் ஏதாவது இருந்தால், அந்தக் கதையின் ஓவியர் யார் என்று இணையத்தில் தேடுங்கள். கிடைத்ததும் அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் அந்தப் பெயரை எழுதி வையுங்கள். அடுத்து அந்தப் புத்தகத்தை எடுப்பவருக்காவது தெரியட்டும்.