மட்டக்களப்பு வாவிப் பகுதியின் குளவிகள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கிழக்கே மணலும் தென்னையும் நெருக்கமான ஊர்களுமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் பற்றைக்காடுமாகப் படுவான்கரை. இடையில் புளியந்தீவு, மாந்தீவு போன்ற தீவுகள். மனிதர் கடக்கப் பாலமோ தோணியோ தேவைப்படும் இந்த நீர், குளவிகளுக்கு எல்லையே அல்ல. கூடு கட்ட ஈரமண் எங்கே, மரநார் எங்கே, குஞ்சுக்கு இரை எங்கே என்பதுதான் அவற்றின் பரம்பலை முடிவுசெய்கிறது.

வகைப்பாட்டில் குளவி ஒரு தனிக் குடும்பம் அன்று. ஹைமனோப்டெரா வரிசையில் ஒடுங்கிய இடை கொண்ட பூச்சிகளிலிருந்து எறும்பையும் தேனீயையும் கழித்தால் மிஞ்சும் பெருங்கூட்டமே குளவிகள். எறும்பும் தேனீயும்கூட ஆதியில் குளவி வம்சத்திலிருந்து கிளைத்தவைதான். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பின் மாற்றுருவம். ஆகவே ஆண் குளவி கொட்டாது. வாழும் முறையை வைத்துப் பார்த்தால் கூட்டமாக வாழ்பவை, தனித்து வேட்டையாடுபவை, பிற பூச்சிகளின் உடலிலோ முட்டையிலோ வளரும் ஒட்டுண்ணிகள் என முக்கியமாக மூன்று வகை. பிரித்தானிய இந்தியாவின் குளவிகளையும் தேனீக்களையும் சார்ள்ஸ் பிங்ஹம் 1897இல் ஒரே நூலில் தொகுத்தார். இலங்கையும் அதில் அடக்கம். 1970களிலிருந்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கார்ல் குரோம்பைன் இலங்கைக் குளவிகளைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து எழுதினார்.

ஊரார் அஞ்சுவது முதல் வகைக்கு. மரக்கிளையில் பந்தாகத் தொங்கும் காகிதக்கூடு பெரும்பாலும் வெஸ்பா அஃபினிஸ் இனத்தினுடையது. அதன் வயிற்றின் முதல் இரண்டு வளையங்களும் செம்மஞ்சள், மிச்சம் கறுப்பு. வெஸ்பா ட்ரோபிகாவுக்கு இரண்டாம் வளையத்தில் மட்டும்தான் அந்தப் பட்டை. பின்னது மற்றக் காகிதக் குளவிகளின் கூட்டுக்குள் புகுந்து புழுக்களைக் கவர்ந்து செல்லும் கொள்ளைக்காரி. இரண்டு இனங்களும் இலங்கை, இந்தியா தொடங்கி நியூகினி வரை பரவியவை. இவை பல சேர்ந்து கொட்டினால் வலியோடு போகாது. ஒவ்வாமை அதிர்ச்சியும் சிறுநீரகச் செயலிழப்பும் வரக்கூடும். நேரே வைத்தியசாலைக்குப் போவதே சரி.

தனித்து வேட்டையாடும் இரண்டாம் வகையைச் சேர்ந்த, வீட்டுச் சுவரில் மண் அப்பும் குளவியோ பரம சாது. கருமையும் மஞ்சளும் கலந்த, நூல்போன்ற இடையுடைய ஸ்கெலிஃப்ரான் மட்ராஸ்படானம் இனத்துக்கு 1781இல் பெயரிட்டவர் டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ். சென்னையின் பழைய பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. கிணற்றடிச் சேற்றை உருண்டையாக வாயில் கவ்வி வந்து, ரீங்காரமிட்டபடி அறை அறையாகக் கட்டும். ஓர் அறையை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகள் அடைந்து கிடக்கும். கால் அசையாது, ஆனால் உயிர் இருக்கும். அவற்றில் ஒன்றின்மேல் ஒற்றை முட்டை. அடைத்த அறையிலிருந்து சில வாரத்தில் குளவி வெளிவருவதைக் கண்டவர்கள், புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போல் ஆக்குகிறது என்று நம்பினார்கள். பிழையான முடிவு, ஆனால் கூர்மையான அவதானிப்பு.

கரப்பானை மயக்கி, உணர்கொம்பைப் பிடித்து ஆட்டுக்குட்டிபோல் நடத்திச் செல்லும் மரகதக் குளவியும் இந்த வேட்டைக்கார வகைதான். கரப்பானைக் கட்டுப்படுத்துவதற்காகவே 1941இல் அதை ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள்.

கண்ணுக்குத் தப்புபவையே எண்ணிக்கையில் அதிகம். ஆலங்காய்க்குள் யூப்ரிஸ்டினா மசோனி என்ற சிறு குளவி நுழைந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் ஆலுக்கு விதை இல்லை. அரசுக்கும் அத்திக்கும் வேறு வேறு குளவிகள். காற்றில் மிதந்தே இவை நெடுந்தூரம் போகும்: 1883இல் வெடித்து உயிரற்றுப்போன கிரக்கட்டோவா தீவுகளுக்கு ஜாவாவும் சுமாத்திராவும் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவு, அந்தக் கடலைத் தாண்டியும் அத்திக் குளவிகள் வந்து சேர்ந்தன. வாவியின் அகலம் அவற்றுக்கு எம்மட்டு?

படுவான்கரையின் பெரும்போக வயலில் இன்னும் நுண்ணிய கதை நடக்கிறது. அறக்கொட்டி என்ற பயிர்ப்பூச்சி நெல்லின் தாள் உறைக்குள் முட்டைகளைச் செருகிவைக்கும். ஒரு மில்லிமீற்றரும் இல்லாத அனாக்ரஸ் குளவி அவற்றைத் தேடித் துளைத்துத் தன் முட்டையை உள்ளே இடும். பூச்சிநாசினியை முந்திக்கொண்டு விசிறினால் முதலில் சாவது இந்தக் குளவியும் சிலந்தியும். அறக்கொட்டி பிறகு முன்னைவிடப் பெருகும். இதை அனுபவித்து அறிந்த இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிநாசினித் தயாரிப்புகளைத் தடைசெய்தது. இலங்கையில் 2008இல் பப்பாசி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டபோதும் குளவியையே நாடினார்கள். அடுத்த ஆண்டே புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவி தருவிக்கப்பட்டது.