கணக்கில் ஏறாத உழைப்பு
பாறசாலை - நெய்யாற்றின்கரை எல்லையோரத்தில் நோயாளரைப் பேணியோர்

1956 நவம்பர் 1-ஆம் நாள் தென் திருவிதாங்கூர் இரண்டாகப் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. பாறசாலை இந்தப் பக்கம், களியக்காவிளை அந்தப் பக்கம். பெண் கொடுத்ததும் எடுத்ததும் எல்லை பார்க்கவில்லை. தாய் ஒரு மாநிலம், மகள் மறு மாநிலம் என்று ஆன குடும்பங்கள் இங்கே ஏராளம். தாய் படுக்கையில் விழும்போதுதான் எல்லைக்கோடு வீட்டுக்குள்ளேயே ஓடுவது தெரியவரும்.

பழைய திருவிதாங்கூர் அரசு ஊட்டுப்புரைகள் நடத்திற்று. அங்கே உண்டவர் பெரும்பாலும் பிராமணரே. ஆனாலும் அச்செலவு அரசுக் கணக்கில் ஏறியது. வீட்டில் நோயாளியைத் துடைத்துப் புரட்டிப் படுக்க வைத்த பெண்ணின் உழைப்போ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அந்தத் தவறை நானும் செய்தவன்தான். என் தாயார் நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். மருந்து, வைத்தியர் செலவு, ஆட்டோ வாடகை எல்லாம் என் கடைப் பேரேட்டில் தேதிவாரியாக இருக்கிறது. இரவெல்லாம் விழித்திருந்த என் மனைவிக்கு ஒரு வரிகூட இல்லை. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நால்வகைத் தானம் சொல்பவர்கள் சமணர்களாகிய நாங்கள். சோறும் மருந்தும் கொடுத்தது அவள். தர்மவான் என்ற பெயர் எனக்கு!

கேரளத்தில் மாற்றம் மெல்ல வந்தது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சங்கம் தோன்றியது. 2008-இல் மாநில அரசு அதற்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. பஞ்சாயத்து வழியாக நர்சு வீடு தேடி வரலானார். 2010 வாக்கில் 'ஆஸ்வாசகிரணம்' வந்தது. ஆறுதல் கதிர் என்று பொருள். நோயாளிக்கு அல்லாமல், அவரைப் பார்த்துக்கொள்பவருக்கே மாதப்பணம் தரும் திட்டம் இது. தொகை 600 ரூபாயாக உயர்ந்தது. வியாபாரி மனசு உடனே வகுத்துப் பார்க்கிறது: நாளுக்கு 20 ரூபாய். அதுவும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்ற காலங்கள் உண்டு. ஆயினும் அந்த உழைப்பு அரசுப் பேரேட்டில் ஏறியதே ஒரு வரலாற்றுச் செய்தி என்பேன்.

1995-இல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த பராமரிப்புக் காப்பீடு, வீட்டில் பேணுவோருக்கு ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறது. வீட்டால் முடியாதபோது முதியோர் இல்லம்தான் கதி. அதையும் விட்டுவிட முடியாது. 1987-இல் அமெரிக்கச் சட்டம், ஊழியர் வசதிக்காக முதியவரைக் கட்டிப்போடக் கூடாது என்றது. நமது 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம், மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் 150 பேருக்காவது இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. எண்ணிக்கை சொன்னால் போதுமா? உள்ளே நடப்பதையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டாமா?

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. மலையாளப் படிவத்தைப் பார்த்துத் தயங்கி நிற்கும் நம் பெண்களுக்கு மனு எழுதித் தர, ஞாயிறுதோறும் இருவர் அமர்ந்தால் போதும். அந்த இருவரில் ஒருவனாக என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.