பாடாத பாஷா

ஸிங்ஷ்பீல் என்னும் ஜெர்மன் வடிவத்தை ஓபராவுக்கு ஒரு படி கீழே வைத்தே பேசுகிறார்கள். இத்தாலிய ஓபராவில் சம்பாஷணையும் ஸ்வரத்தில்தான் நகரும். இதிலோ பாத்திரங்கள் வெறும் வசனம் பேசுகிறார்கள், பிறகு பாடுகிறார்கள். தாய்மொழிக்கு ஒரு மேடை என்ற கொள்கையோடு சக்கரவர்த்தி இரண்டாம் ஜோஸப் 1778ல் வியன்னாவில் தேசிய ஸிங்ஷ்பீலைத் தொடங்கினார். முதல் கட்டம் 1783லேயே முடிந்துவிட்டது. அந்த ஐந்து வருஷங்களில் பிறந்து இன்றும் மேடையில் நிற்பது மோஸார்ட்டின் 'அந்தப்புரத்திலிருந்து கடத்தல்' (1782). ஸ்வரங்கள் அதிகம் என்று சக்கரவர்த்தி குறைப்பட்டதாக உலவும் கதையை விட்டுவிடலாம்.

1683 முற்றுகையை மறவாத ஊரில் துருக்கியன் சிரிப்புக்குரியவன். பெரிய முரசு, ஜாலரா, முக்கோண மணி எல்லாம் அந்தச் சிரிப்புக்கான சாமான்கள். காவலன் ஆஸ்மின் கோபத்தில் நிலை தவறுகிறான். ஆனால் கோபத்திலும் இசை இசையாகவே இருக்கவேண்டும் என்று மோஸார்ட் 1781 செப்டம்பரில் தகப்பனாருக்கு எழுதுகிறார். எனவே எஃப் மேஜரிலிருந்து ஆஸ்மின் தாவுவது ஏ மைனருக்கு: பக்கத்து வீடான டி மைனரும் அல்ல, உறவே அற்ற இடமும் அல்ல. கேலிப் பாத்திரத்துக்கு இவ்வளவு கணக்கு.

என்னை ஈர்ப்பது ஆஸ்மின் அல்ல, அவன் எஜமானன் பாஷா ஸெலிம். நாடகமே அவன் கையில் இருக்கிறது. ஆனால் அவன் பாடுவதில்லை. இரண்டாம் அங்கத்தில் சித்திரவதைக்கும் அஞ்சமாட்டேன் என்று கான்ஸ்டான்ஸ் பாடுமுன் புல்லாங்குழல், ஓபோ, வயலின், செல்லோ நான்கும் நீண்ட நேரம் வாசிக்கின்றன. அவன் சும்மா நிற்கவேண்டும். இயக்குநர்களுக்கு இது தலைவலி. எனக்கு இதுதான் நாடகம். அவளுடைய மறுப்புக்கு இசை இருக்கிறது, அவனுடைய ஆசைக்கு இல்லை. முழுக்கப் பாடும் ஓபராவில் இப்படியொருவனை வைக்க இடமேது? வசனத்தை வெட்டிய இசைத்தட்டுகளில் அவன் ஆளே காணாமல் போகிறான்.

பிரெட்ஸ்னரின் மூல நாடகத்தில், மீட்க வந்த பெல்மான்டெ பாஷாவின் தொலைந்த மகன் என்று தெரியவருகிறது; மன்னிப்பு சுலபம். மோஸார்ட்டுக்காக ஸ்டெஃபானி அதை மாற்றினார். வந்தவன் பரம வைரியின் மகன். ஸெலிமின் காதலியையும் சொத்தையும் பறித்து நாட்டைவிட்டே ஓடவைத்தவனின் பிள்ளை. பழிதீர்க்க வாய்த்த கணத்தில் ஸெலிம் அனைவரையும் விடுவிக்கிறான். அதுவும் வசனத்தில்தான். காதலர்கள் நன்றி பாடுகிறார்கள். ஆஸ்மின் குறுக்கே சீறிவிட்டு ஓடுகிறான். பாஷா நீடு வாழ்க என்று ஜானிஸரிகள் முரசு அதிரப் பாட, கப்பல் காத்திருக்க, திரை விழுகிறது. அவன் பங்குக்கு ஒரு ஸ்வரம்கூட இல்லை.