ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன மாலைகள்

ரயில்வே இன்ஸ்டிடியூட் நடன மாலைகள் என்பவை ரயில்வே காலனிகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கூடி, மேற்கத்திய இசைக்கு ஜோடியாக ஆடிய நிகழ்ச்சிகளாகும். பெரிய காலனிகளில் இவை பெரும்பாலும் சனிக்கிழமைகளில் நடந்தன. நைட் கிளப் என்ற சொல் நம் ஊர்களில் புழங்குவதற்கு முன்பே போத்தனூர், பொன்மலை, பெரம்பூர், அரக்கோணம் போன்ற ரயில்வே ஊர்களில் மேற்கத்திய நடனம் வேரூன்றியிருந்தது.

பின்னணி

மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதை 1862-இல் போத்தனூரை எட்டியது. கோயம்புத்தூர் நகருக்கு 1873-இல்தான், மேட்டுப்பாளையம் கிளைப் பாதை வழியாக ரயில் வந்தது. ஆகவே போத்தனூரே முதலில் பெரிய சந்திப்பாக வளர்ந்தது. ஓட்டுநர், கார்டு, தந்தி ஊழியர் போன்ற பணிகளில் ஆங்கிலோ இந்தியர் அதிகம் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்கெனக் காலனி, தேவாலயம், பள்ளி ஆகியவை உருவாயின. ஓய்வு நேரத்துக்கான இடம் இன்ஸ்டிடியூட் எனப்பட்டது. பல ரயில்வே ஊர்களில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியருக்கு ஒன்றும் மற்ற இந்தியருக்கு ஒன்றுமாக இரண்டு இன்ஸ்டிடியூட்கள் இருந்தன. ஒரே ரயிலில் வேலை செய்தவர்கள் மாலையில் வெவ்வேறு வாசல்களில் நுழைந்தார்கள்.

நடந்த விதம்

உறுப்பினர் சந்தாவும் ஹவுசி விளையாட்டில் சேர்ந்த பணமும் செலவுக்கு உதவின. மரத்தளம் வழுக்க வேண்டும் என்பதற்காகப் பவுடர் தூவுவார்கள். பியானோ, சாக்ஸபோன், டிரம்பெட், டிரம்ஸ் கொண்ட இசைக்குழு வாசிக்கும். வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் ஆகியவற்றுடன் பின்னாளில் ஜைவ் ஆட்டமும் சேர்ந்தது. புதிய பாடல்களை இளைஞர்கள் ரேடியோ சிலோன் ஆங்கில ஒலிபரப்பில் கேட்டுப் பழகினர். தாய்மார்கள் சுவரோரம் அமர்ந்திருக்க, பிள்ளைகள் ஆடினார்கள். பல திருமணங்கள் இந்தத் தளத்தில்தான் முடிவாயின. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மே குவீன் நடனங்கள் ஆண்டின் பெருநிகழ்ச்சிகள்.

மறைவு

நடன மாலைகள் குறைந்ததற்கு ரசனை மாற்றம் மட்டும் காரணமல்ல. அரசியலமைப்பின் 336-ஆம் பிரிவு ரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்திப் பணிகளில் ஆங்கிலோ இந்தியருக்கு இருந்த ஒதுக்கீட்டை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் குறைத்து, பத்தாண்டுகளில் முடித்தது. 1960-க்குப் பின் பிள்ளைக்குத் தந்தையின் வேலை உறுதியில்லை. பல குடும்பங்கள் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடாவுக்குக் குடிபெயர்ந்தன. மண்டபம் இருந்தது, வாரந்தோறும் வந்து ஆடியவர்கள்தான் இல்லை.

இன்று

இப்போது கோவை நட்சத்திர விடுதிகளில் வார இறுதி டிஜே இரவுகள் நடக்கின்றன. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கும் அறிமுகமில்லாதவர்கள் கூடுகிறார்கள். மதுக்கூட வருமானமும் முக்கியம். இன்ஸ்டிடியூட்டிலோ ஒரே தொழிலைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறிந்த மூன்று தலைமுறையினர் கூடினார்கள். அச்சமூகத்தின் உலக ஒன்றுகூடல்களில் நடன இரவு இன்றும் தவறாமல் இடம்பெறுகிறது.

போத்தனூரின் வரலாற்றை எழுதுவோர் பாதைகளையும் பட்டறைகளையும் குறிக்கிறார்கள். ஊரை உருவாக்கிய தொழிலாளர் குடும்பங்கள் எப்படி மகிழ்ந்தன என்பதும் அதே வரலாற்றின் பகுதி. அந்த மாலைகளில் ஆடியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டிய காலம் இது.