விண்டோஸ் 8: ஸ்டார்ட் பொத்தான் விவாதம்

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 அக்டோபர் 26 அன்று வெளியிட்ட விண்டோஸ் 8 இயங்குதளத்தில், திரையின் இடது கீழ் மூலையில் பதினேழு ஆண்டுகளாக இருந்துவந்த ஸ்டார்ட் பொத்தான் இல்லை. அதை அழுத்தினால் விரியும் பட்டியலும் இல்லை. கணினியைத் திறந்ததும், வண்ணக் கட்டங்கள் நிரம்பிய புதிய முழுத்திரை ஒன்று வந்து நின்றது. இதை ஏற்றுப் பழகிக்கொள்வதா, விண்டோஸ் 7-இலேயே தங்கிவிடுவதா என்ற கேள்வியில் உலகெங்கும் பயனர்கள் இரண்டு பட்டனர். சோதனைப் பதிப்பு வெளிவந்த 2011 செப்டம்பரில் தொடங்கிய இந்த விவாதம், விண்டோஸ் 10 வெளிவந்த 2015 ஜூலை வரை ஓயவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒரு பொத்தானுக்கான சண்டையாகத் தோன்றலாம். கோடிக்கணக்கானோர் அன்றாடம் வேலை செய்யும் கருவியின் வடிவத்தை யார் தீர்மானிப்பது, எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே அதன் அடியில் இருந்த சிக்கல்.

பொத்தான் வந்த கதை

விண்டோஸ் 3.1 வரை நிரல்களைத் திறக்க ‘புரோகிராம் மேனேஜர்’ என்ற சாளரமே வாயிலாக இருந்தது. ‘சிகாகோ’ என்ற சங்கேதப் பெயரில் அடுத்த பதிப்பை வடிவமைத்தபோது, மைக்ரோசாஃப்ட் சாதாரண மக்களை ஆய்வகத்துக்கு அழைத்து உட்காரவைத்துச் சோதித்தது. புதியவர்கள் பலர் கணினியின் முன் அமர்ந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தனர். இருமுறை சொடுக்குவதுகூடப் பலருக்குக் கைவரவில்லை. தொடக்க வடிவமைப்பில் திரையின் அடியில் சிஸ்டம், ஃபைண்ட், ஹெல்ப் என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. சோதனைகளுக்குப் பிறகு அவை ஒன்றாக்கப்பட்டு, ‘ஸ்டார்ட்’ என்ற சொல் பொறித்த ஒரே பொத்தானாயின. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95-இல், அந்தப் பொத்தானை நோக்கி ஓர் அம்புக்குறியும் ‘தொடங்க இங்கே சொடுக்குக’ என்ற பொருள்படும் வாசகமும் பணிப்பட்டையில் நகர்ந்து வந்தன. விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘ஸ்டார்ட் மீ அப்’ பாடல் பயன்படுத்தப்பட்டது.

திகைத்து நின்ற புதியவருக்கு வழிகாட்டவே அந்தப் பொத்தான் பிறந்தது. பின்வந்த விண்டோஸ் பதிப்புகள் அதன் தோற்றத்தை மாற்றினவே தவிர இடத்தை மாற்றவில்லை. இதற்கிடையில் ஒரு தலைமுறையே ‘முதலில் ஸ்டார்ட்டை அழுத்து’ என்ற பாடத்துடன் கணினி கற்றது.

மாற்றத்துக்கான காரணம்

2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஐபேட் விற்பனைக்கு வந்தது. விரலால் இயக்கும் கையடக்கத் திரைகளின் சந்தை வளர்ந்தது. அங்கே மைக்ரோசாஃப்டுக்குச் சொல்லிக்கொள்ளும் இடம் இல்லை. மேசைக் கணினிகளில் அதற்கிருந்த ஆதிக்கமோ அசைக்க முடியாதது. மேசைக் கணினிக்கும் பலகைக் கணினிக்கும் ஒரே இடைமுகத்தைக் கொடுத்துவிட்டால், விண்டோஸ் வாங்கும் ஒவ்வொருவரும் தொடுதிரைச் செயலிகளின் வாடிக்கையாளர் ஆவார். செயலி எழுதுவோரும் தேடி வருவார்கள். இதுவே நிறுவனத்தின் கணக்கு. 2010-இல் வந்த விண்டோஸ் போன் 7-இன் ‘மெட்ரோ’ வடிவமைப்பு அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

விண்டோஸ் பிரிவின் தலைவர் ஸ்டீவன் சினோஃப்ஸ்கி முன்பு ஆஃபிஸ் பிரிவை நடத்தியவர். ஆஃபிஸ் 2007-இல் பழைய பட்டியல்களை நீக்கி ‘ரிப்பன்’ பட்டையைக் கொண்டுவந்தபோதும் பெரும் கூச்சல் எழுந்து, பின்னர் அடங்கிப்போனது. அதில் முக்கியப் பங்காற்றிய ஜென்சன் ஹாரிஸ், விண்டோஸ் 8-இன் பயனர் அனுபவக் குழுவிலும் முன்னின்றார். ‘மக்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள்’ என்று நம்ப அவர்களுக்கு முன்னனுபவம் இருந்தது. ரிப்பனில் அந்த நம்பிக்கை பலித்ததற்கு ஒரு காரணம் உண்டு. ரிப்பன் வேர்டுக்கும் எக்செலுக்கும் உள்ளே நிகழ்ந்த மாற்றம். வேலை செய்யும் ஆவணம் கண்முன்னேயே இருந்தது.

புதிய திரையில் நடந்தது

விண்டோஸ் 8-இல் பழைய டெஸ்க்டாப் நீக்கப்படவில்லை. அது ஸ்டார்ட் திரையில் மற்ற செயலிகளுக்கு நடுவே ஒரு கட்டமாகச் சுருங்கியது. அதற்குள் நுழைந்து வேலை செய்துகொண்டிருப்பவர் இன்னொரு நிரலைத் திறக்க வேண்டுமானால், மீண்டும் முழுத்திரைக்குத் தாவ வேண்டும். செய்துகொண்டிருந்த வேலை கண்ணிலிருந்து மறையும். நிரலைத் தேர்ந்தெடுத்ததும் மறுபடி டெஸ்க்டாப்புக்குத் திரும்பும். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இரண்டு வடிவங்களில் இருந்தது. அமைப்புகளை மாற்றும் இடங்களும் இரண்டு. ஒன்றில் உள்ளது மற்றதில் இருக்காது.

மிகுதியான கேலிக்கு ஆளானது கணினியை அணைக்கும் முறை. சுட்டியைத் திரையின் வலது மூலைக்குக் கொண்டுபோனால் ‘சார்ம்ஸ்’ எனப்பட்ட பட்டை வெளிப்படும். அதில் அமைப்புகளைத் தேர்ந்தெடுத்து, மின்சாரக் குறியைச் சொடுக்கி, அதற்குப் பிறகே அணைக்கலாம். மூலையில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பதற்கு எந்த அறிகுறியும் திரையில் கிடையாது. நிறுவும்போது ‘சுட்டியை ஏதேனும் ஒரு மூலைக்கு நகர்த்துக’ என்று ஓர் அசைபடம் காட்டப்பட்டது. அதைத் தவறவிட்டவருக்கு வேறு துணை இல்லை. 1995-இல் நகர்ந்து வந்த அம்புக்குறி கண்ணுக்குத் தெரியும் ஒரு பொத்தானைச் சுட்டியது. 2012-இன் அசைபடம் வெற்று மூலையைச் சுட்டியது.

அளவீடுகளின் வாதம்

தன் முடிவை நியாயப்படுத்த மைக்ரோசாஃப்ட் 2011 அக்டோபரில் விரிவான விளக்கங்களை வெளியிட்டது. தாமாக முன்வந்து சம்மதித்த பயனர்களின் கணினிகளிலிருந்து திரட்டிய பயன்பாட்டுத் தரவுகளே அவற்றின் அடிப்படை. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 7-க்கு வந்தபோது ஸ்டார்ட் பட்டியலின் பயன்பாடு 11 விழுக்காடு குறைந்திருந்தது. பணிப்பட்டையில் மூன்றோ அதற்கு மேலோ நிரல்களைப் பொருத்தி வைத்திருந்தோர் 85 விழுக்காட்டினர். ஸ்டார்ட் பட்டியலில் அவ்வாறு செய்திருந்தோர் 23 விழுக்காட்டினர் மட்டுமே. ஃபிட்ஸ் விதியின்படி, அதாவது இலக்கு பெரிதாகவும் அருகிலும் இருந்தால் சுட்டி விரைவில் சென்றடையும் என்ற விதியின்படி, குறுகிய பட்டியலைவிட முழுத்திரைக் கட்டங்களே வேகமானவை என்றும் வரைபடங்களுடன் காட்டப்பட்டது.

இந்த எண்களைப் பயனர்கள் பலர் ஏற்கவில்லை. அவர்களின் மறுமொழிகளில் இரண்டு இன்றும் கவனிக்கத்தக்கவை. முதலாவது, தரவு அனுப்பச் சம்மதித்தவர்கள் எல்லாப் பயனர்களையும் பிரதிநிதித்துவப்படுத்துகிறார்களா என்பது. அலுவலகக் கணினிகளிலும் தேர்ந்த பயனர்களின் கணினிகளிலும் அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும் என்று அவர்கள் சுட்டிக்காட்டினர்.

இரண்டாவது மறுமொழி இன்னும் ஆழமானது. அன்றாடம் தேவைப்படும் நான்கைந்து நிரல்களைப் பணிப்பட்டைக்கு நகர்த்திவிட்டதால்தான் பட்டியலைத் திறக்கும் தடவைகள் குறைந்தன. எப்போதாவது தேவைப்படும் மற்ற அனைத்தையும் தேட மிஞ்சியிருந்த இடம் அந்தப் பட்டியலே. வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பது குறைந்தது, காரணம் குழாய் வந்துவிட்டது. அதற்காகக் கிணற்றைத் தூர்த்துவிட்டால் குழாய் வராத நாளில் என்ன செய்வது? எத்தனை முறை என்பதைத் தரவு சொல்லும். அந்த ஒரு முறை எவ்வளவு அவசியமானது என்பதை அது சொல்லாது. நிறுவனத்தின் விளக்கங்கள் இந்தக் கேள்விக்குக் கடைசிவரை நேரடியாகப் பதில் தரவில்லை.

ஏற்றவர்களும் மறுத்தவர்களும்

புதிய இடைமுகத்தை ஆதரித்தவர்களிடமும் வலுவான நியாயங்கள் இருந்தன. விண்டோஸ் விசையை அழுத்தி, நிரலின் பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் போதும், அது உடனே கண்முன் வந்துவிடும் என்றனர். கணினி விரைவாகத் தொடங்கியது. டாஸ்க் மேனேஜர் சீரமைக்கப்பட்டது. நச்சுநிரல் எதிர்ப்பு உள்ளேயே அமைந்தது. தொடுதிரை உள்ள கருவியில் கட்டங்கள் உண்மையிலேயே இதமாக இயங்கின. பழக்கத்தை விட மனமில்லாதவர்களே எதிர்க்கிறார்கள் என்பது இவர்களின் வாதம். அது பாதி உண்மை.

மறுபக்கம் நின்றவர்களில் கணினித் துறையின் பெரிய பெயர்களும் உண்டு. வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல், 2012 ஜூலையிலேயே இது கணினித் துறைக்குப் பேரிடராக அமையும் என்று எச்சரித்தார். மைக்ரோசாஃப்டின் இணை நிறுவனரான பால் ஆலன் அக்டோபரில் எழுதிய மதிப்புரையில் புதுமைகளைப் பாராட்டினாலும், இரண்டு முகங்களுக்கு இடையிலான தாவல் குழப்புகிறது என்பதை மறைக்கவில்லை. பயன்பாட்டு எளிமை ஆய்வில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன், அனுபவமுள்ள 12 பயனர்களைச் சோதித்து நவம்பரில் தன் முடிவுகளை வெளியிட்டார். இரண்டு சூழல்களை ஒருசேர நினைவில் வைக்கும் சுமை, எது சொடுக்கத்தக்கது என்று காட்டாத தட்டையான தோற்றம், ஒரு திரையில் அடங்கும் தகவலின் குறைவு ஆகியவற்றை அவர் குறைகளாகக் கண்டார். புதியவருக்கும் தேர்ந்தவருக்கும் ஒருசேர இடறலாக இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு.

சினத்தை மிகுதியாக்கியது வேறொன்று. 2011-இன் முதல் சோதனைப் பதிப்பில், ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழைய ஸ்டார்ட் பட்டியல் திரும்பக் கிடைத்தது. 2012 பிப்ரவரியில் வந்த அடுத்த பதிப்பில் அந்த வழி இல்லை, பொத்தானும் போய்விட்டது. தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமென்றே பறிக்கப்பட்டது என்று பயனர்கள் உணர்ந்தது இதனால்தான். புதியதைத் தரவேண்டாம் என்று கேட்டவர்கள் குறைவு. பழையதையும் விட்டுவையுங்கள் என்று கேட்டவர்களே மிகுதி.

அந்த இடைவெளியைப் பிறர் நிரப்பினர். ஸ்டார்டாக் நிறுவனம் ‘ஸ்டார்ட்8’ என்ற மென்பொருளை 4.99 டாலருக்கு விற்றது. ஐவோ பெல்ட்சேவ் உருவாக்கிய ‘கிளாசிக் ஷெல்’ இலவசமாகவே பழைய பட்டியலை மீட்டுத் தந்தது.

லினக்ஸ் உலகில்

ஏறத்தாழ இதே காலத்தில் லினக்ஸ் பயனர்களும் இதே விவாதத்தில் இருந்தனர். 2011 ஏப்ரலில் வெளிவந்த க்னோம் 3, பழைய பட்டியலையும் சாளரங்களின் சிறிதாக்கும் பொத்தானையும் கைவிட்டது. அதே மாதம் உபுண்டு தன் ‘யூனிட்டி’ இடைமுகத்தை இயல்பிருப்பாக்கியது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் க்னோம் 3-ஐக் கடுமையாகச் சாடிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினார். பின்னாளில் திரும்பி வந்தார். இங்கே மூலநிரல் திறந்திருந்ததால் எதிர்ப்பு வேறு வடிவம் கொண்டது. க்னோம் 2-ஐப் பிரித்தெடுத்து ‘மேட்டே’ தொடரப்பட்டது; லினக்ஸ் மின்ட் குழு ‘சின்னமன்’ இடைமுகத்தை உருவாக்கியது. விண்டோஸ் பயனருக்கு அந்த வழி இல்லை. அவர் ஒட்டுப்போடலாம், பழைய பதிப்பில் தங்கலாம், அல்லது காத்திருக்கலாம்.

பின்வாங்கல்

பெரும்பாலோர் தங்கினர். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிவதாக இருந்ததால் அலுவலகங்கள் மாறியாக வேண்டிய காலம் அது. அவற்றில் பல விண்டோஸ் 8-ஐத் தாண்டாமல் விண்டோஸ் 7-ஐயே தேர்ந்தன. 2013-இன் முதல் காலாண்டில் உலகக் கணினி விற்பனை 13.9 விழுக்காடு சரிந்ததாக ஐடிசி அறிவித்தது. சந்தையை உயர்த்துவதற்குப் பதில் விண்டோஸ் 8 மந்தப்படுத்தியது என்றும் அது கருதியது. விற்பனை முழுவதும் இடைமுகத்தால்தான் விழுந்தது என்பது மிகை. அதே ஆண்டுகளில் மக்கள் திறன்பேசிக்கும் பலகைக் கணினிக்கும் நகர்ந்துகொண்டிருந்தனர். 2013 மே மாதத்தில் 10 கோடி உரிமங்கள் விற்றதாக மைக்ரோசாஃப்டும் அறிவித்திருந்தது. சினோஃப்ஸ்கி, வெளியீடு முடிந்த மூன்றாம் வாரத்திலேயே நிறுவனத்தை விட்டு விலகினார்.

2013 அக்டோபர் 17 அன்று வந்த விண்டோஸ் 8.1-இல் பொத்தான் திரும்பியது. அழுத்தினால் வந்ததோ பழைய பட்டியல் அல்ல, அதே முழுத்திரை. கேட்டதைக் கொடுத்தது போலவும் கொடுக்காதது போலவும் இருந்த இந்தச் சமரசம் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. நேரடியாக டெஸ்க்டாப்பில் தொடங்கும் வசதி மட்டும் பலருக்கு உதவியது. 2014 ஏப்ரல் புதுப்பிப்பில், தொடுதிரை இல்லாத கணினிகளில் அதுவே இயல்பிருப்பானது. ஸ்டார்ட் திரையிலேயே அணைக்கும் பொத்தானும் வந்தது. பட்டியல் முழுமையாகத் திரும்பியது 2015 ஜூலை 29 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இல்தான். அதன் இடப்பக்கம் பழைய வரிசையும் வலப்பக்கம் விண்டோஸ் 8-இன் கட்டங்களும் சேர்ந்திருந்தன.

எஞ்சியவை

விண்டோஸ் 8 கொண்டுவந்த எல்லாம் மறைந்துவிடவில்லை. தமிழ்ப் பயனர்களைப் பொறுத்தவரை அதில் அறிமுகமான ‘நிர்மலா யுஐ’ எழுத்துரு நிலைத்தது. முன்பிருந்த லதாவின் இடத்தில் தமிழ் இடைமுகத்துக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் ஒரே எழுத்துருக் குடும்பமாக அது அமைந்தது. அசையும் கட்டங்கள் 2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11-இல் நீக்கப்பட்டன. அந்தப் பதிப்பு ஸ்டார்ட் பொத்தானைத் திரையின் நடுப்பக்கம் நகர்த்தியபோது, மீண்டும் இடப்பக்கமே வைத்துக்கொள்ள அமைப்புகளில் ஒரு தெரிவும் முதல் நாளிலிருந்தே இருந்தது.

கிளாசிக் ஷெல்லின் உருவாக்கம் 2017 டிசம்பரில் நிறுத்தப்பட்டு, அதன் மூலநிரல் பொதுவில் வைக்கப்பட்டது. தன்னார்வலர்கள் அதை ‘ஓப்பன்-ஷெல்’ என்ற பெயரில் தொடர்கின்றனர். விண்டோஸ் 7-இன் பட்டியலை விரும்புவோர் விண்டோஸ் 11-இலும் அதை நிறுவிப் பயன்படுத்துகின்றனர்.