வாழைப்பழ வணிகப் பிணக்கு

வாழைப்பழ வணிகப் பிணக்கு என்பது, வாழைப்பழ இறக்குமதி விதிகள் தொடர்பாக ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஐக்கிய அமெரிக்கா, இலத்தீன் அமெரிக்க நாடுகள் ஆகியவற்றுக்கும் இடையே 1993 முதல் 2012 வரை நீடித்த வணிகத் தகராறு ஆகும். இது வாழைப்பழப் போர் எனவும் அழைக்கப்படுகிறது. ஐக்கிய அமெரிக்கா வாழைப்பழத்தைப் பெருமளவில் விளைவிக்கும் நாடன்று என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. இலத்தீன் அமெரிக்கப் பழங்களை விற்றுவந்த சிக்கிட்டா என்னும் அமெரிக்க நிறுவனத்தின் முறையீடே அந்நாட்டை இதில் இறக்கியது.

பின்னணி

1993 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகள், முன்னாள் குடியேற்ற நாடுகளான ஆப்பிரிக்க, கரிபிய, பசிபிக் நாடுகளின் பழங்களுக்குச் சலுகை அளித்தன. செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற தீவுகளில் மலைச்சரிவுகளிலுள்ள சிறு நிலங்களில் வாழை பயிரிடப்பட்டது. எக்குவடோரின் பெருந்தோட்டங்களோடு விலையில் போட்டியிட அவற்றால் இயலவில்லை. எக்குவடோர், குவாத்தமாலா, ஒண்டுராஸ், மெக்சிக்கோ, ஐக்கிய அமெரிக்கா ஆகியன 1996இல் உலக வணிக அமைப்பில் முறையிட்டன. 1997இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக அமைந்தது. பின்னர் திருத்தப்பட்ட விதிகளும் ஏற்கப்படவில்லை.

பதிலடி வரிகள்

ஆண்டுக்கு 520 மில்லியன் டாலர் பெறுமதியான பொருட்கள் மீது வரி விதிக்க அமெரிக்கா அனுமதி கோரியது. 1999 ஏப்ரலில் நடுவர்கள் 191.4 மில்லியனுக்கு மட்டுமே இசைந்தனர். கைப்பைகள், படுக்கை விரிப்புகள், மின்கலங்கள், அட்டைப்பெட்டிகள் முதலியவற்றின் மீது 100 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. வாழைப்பழத்தோடு எத்தொடர்பும் இல்லாத தொழில்களே இதனால் பாதிக்கப்பட்டன. முதலில் பட்டியலில் இருந்த காஷ்மீர் கம்பளி ஆடைகள், இசுக்கொட்லாந்தின் ஆலைகளுக்காகப் பிரித்தானியா வாதாடிய பின்னர் இறுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை. ஐரோப்பிய வாழைப்பழ விதிகளை ஆதரிக்காத டென்மார்க், நெதர்லாந்து ஆகியவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2000இல் எக்குவடோருக்கும் பதிலடி உரிமை கிடைத்தது. ஆயினும் அது அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை.

இணக்க முயற்சிகள்

வரிக்குரிய பொருட்களைக் காலத்துக்குக் காலம் மாற்ற வகைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா 2000இல் இயற்றியதால் பூசல் முற்றியது. 2001இல் அமெரிக்க வணிகப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற ராபர்ட் சோலிக்கும் ஐரோப்பிய வணிக ஆணையர் பாசுக்கல் லாமியும் முன்பே அறிமுகமானவர்கள். அவர்கள் காலத்தில், 2001 ஏப்ரல் 11 அன்று உடன்பாடு எட்டப்பட்டது. இறக்குமதி உரிமங்கள் பழைய வணிக அளவின்படி வழங்கப்படும் எனவும், 2006 முதல் ஒதுக்கீட்டு முறைக்குப் பதிலாகச் சுங்க வரி மட்டுமே இருக்கும் எனவும் ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. பதிலடி வரிகள் 2001 ஜூலை 1 அன்று நீக்கப்பட்டன. கரிபிய நாடுகளுக்கான சலுகைகள் தொடர்வதற்குரிய விதிவிலக்கு அதே ஆண்டு நவம்பரில் தோகா மாநாட்டில் கிடைத்தது.

எனினும் 2006இல் டன்னுக்கு 176 யூரோ என வகுக்கப்பட்ட வரியை இலத்தீன் அமெரிக்க நாடுகள் ஏற்கவில்லை. 2009 டிசம்பர் 15 அன்று செனீவாவில் அவ்வரியை உடனே 148 யூரோவாகவும், பின்னர் படிப்படியாக 114 யூரோவாகவும் குறைக்க ஒப்புக்கொள்ளப்பட்டது. 2012 நவம்பர் 8 அன்று பிணக்கு முறைப்படி முடிவுற்றது. அப்போது உலக வணிக அமைப்பின் தலைமை இயக்குநராக இருந்தவரும் லாமியே.

இவ்விணக்கத்தின் சுமை பெரிதும் கரிபிய உழவர்கள் மீதே விழுந்தது. 1990களின் தொடக்கத்தில் விண்ட்வர்ட் தீவுகளில் 20,000க்கும் மேற்பட்டோர் வாழை பயிரிட்டனர். பின்னர் அத்தொகை சில ஆயிரங்களாகச் சுருங்கியது.