வலது மூளை மொழியைப் பொறுப்பேற்கிறதா? பக்கவாதத்துக்குப் பிந்தைய மொழி மீட்சியும் மூளைப் படிமச் சான்றுகளும்

பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தொடக்க நாட்களில் அஃபேசியா எனப்படும் மொழியிழப்பு நேர்கிறது. சொல் வாயில் வராமலும் கேட்ட பேச்சு விளங்காமலும் தவிக்கும் இவர்களில் பலர், அடுத்துவரும் வாரங்களிலும் மாதங்களிலும் மொழியின் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுகிறார்கள். மடிந்த நரம்பணுக்கள் மீண்டு வருவதில்லை. அப்படியானால் மீண்ட மொழியை மூளையின் எந்தப் பகுதி தாங்குகிறது? இடது அரைக்கோளம் இழந்த வேலையை வலது அரைக்கோளம் எடுத்துக்கொள்கிறது என்பது பாடநூல்களிலும் பொது அறிவியல் எழுத்திலும் வேரூன்றிவிட்ட விடை. மூளைப் படிம ஆய்வுகளே இதற்குச் சான்று என்றும் சொல்லப்படுகிறது. அந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய முடிவைத் தாங்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். வளர்ந்தவர்களிடம் இதுவரை ஓரளவு உறுதியாகக் காட்டப்பட்டிருப்பது, இடப்பக்க மொழி வலையமைப்பில் எஞ்சிய பகுதிகளின் செயல்பாட்டோடு மொழித்திறன் இணைந்து செல்கிறது என்பதுதான். வலப்பக்கத்தின் பங்கு நிபந்தனைக்கு உட்பட்டது. பல வேளைகளில் அது நோய்க்கு முன்பே அங்கு இருந்ததாகவும் இருக்கலாம்.

வலப்பக்கக் கருத்துக்கு ஆதாரமாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது, டோரோத்தே ஸாவரும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஜெர்மானிய ஆய்வு. 14 நோயாளிகளைச் செயல்சார் எம்.ஆர்.ஐ. கருவியில் மூன்று முறை படமெடுத்தார்கள்: சராசரியாக 2ஆம் நாளில், 12ஆம் நாளில், பத்து மாதங்கள் கடந்த பின். முதல் கட்டத்தில் இடப்பக்க மொழிப் பகுதிகளில் செயல்பாடு மங்கியிருந்தது. இரண்டாம் கட்டத்தில் இரு பக்கமும் எழுச்சி தெரிந்தது. அதன் உச்சம் வலப்பக்கத்தில் இருந்தது. மொழித்திறனின் முன்னேற்றமும் அதனோடு சேர்ந்து சென்றது. மூன்றாம் கட்டத்தில் செயல்பாட்டின் உச்சம் மீண்டும் இடப்பக்கம் திரும்பியது. ஒரே நோயாளியைக் காலப்போக்கில் தொடர்ந்தது இந்த ஆய்வின் பெருஞ்சிறப்பு. ஆனால் இதை மேற்கோள் காட்டுவோர் பலர் இரண்டாம் கட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். முழுதாகப் படித்தால், வலப்பக்க எழுச்சி ஓர் இடைக்கால நிகழ்வு என்பதும், நெடுநாள் மீட்சி இடப்பக்கத்தோடு இணைந்தது என்பதும் அதே ஆய்விலிருந்தே தெரியவரும்.

இதைவிட ஆழமான சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. செயல்சார் எம்.ஆர்.ஐ. நரம்பணுக்களின் வேலையை நேரடியாக அளப்பதில்லை. அந்த வேலையை ஒட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் நிலையில் ஏற்படும் மாற்றத்தையே அளக்கிறது. பக்கவாதமோ இரத்தக் குழாயின் நோய். போர்னா போனக்தார்பூரின் குழு 2007இல் காட்டியபடி, மொழியிழப்பு கண்ட சிலரிடம் இடப்பக்க மொழிப் பகுதிகளில் இந்த இரத்த ஓட்ட எதிர்வினையே தாமதமாக எழுகிறது. நலமுள்ளவர்களுக்கென வகுத்த காலக்கணக்கை அவர்கள்மீது பொருத்தினால், இடப்பக்கம் வேலை செய்தும் செய்யாததாகப் படம் காட்டும். ஒப்பீட்டில் வலப்பக்கம் தூக்கலாகத் தெரியும். இரண்டாவது, முயற்சியின் அளவு. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்வது நலமுள்ளவருக்கு எளிது; நோயாளிக்கு அது தேடலும் தடுமாற்றமும் நிறைந்த வேலை. கடினமான பணி எதைக் கொடுத்தாலும் எவருடைய மூளையிலும் கவனத்தையும் கட்டுப்பாட்டையும் சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஃபாத்தேமே கெரன்மாயே குழுவினர் 2014இல் எச்சரித்தது இதைத்தான்: நோயாளியிடம் காணும் கூடுதல் செயல்பாடு மொழி இடம்பெயர்ந்ததன் அடையாளமா, பணி கடினமானதன் அடையாளமா என்பதைப் பிரித்தறியாமல் மீட்சியைப் பற்றிப் பேச முடியாது.

இந்தக் குறைகள் ஓரிரு ஆய்வுகளுக்கு மட்டும் உரியவை அல்ல. 1995 முதல் 2020இன் தொடக்கம்வரை வெளியான 86 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 561 பகுப்பாய்வுகளையும் ஸ்டீஃபன் வில்சனும் சாரா ஷ்னெக்கும் ஒவ்வொன்றாக மதிப்பிட்டார்கள். பணித்திறன் வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமை, ஒப்பீட்டு நிலைகளின் பொருத்தமின்மை, பல்லாயிரம் புள்ளிகளைச் சோதிக்கும்போது தற்செயல் முடிவுகளுக்குப் போதிய திருத்தம் செய்யாமை ஆகிய மூன்றும் துறை முழுக்கப் பரவியிருந்ததை அவர்கள் கண்டார்கள். வடிகட்டிய பின் வலுவாக நின்றவை சிலவே. மொழியிழப்பு உள்ளோரிடம் இடப்பக்க மொழிப் பகுதிகளின் செயல்பாடு குறைவு. அது எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு மொழித்திறனும் மிகுதி. அவற்றுக்கு நேரிணையான வலப்பக்கப் பகுதிகள் புதிதாகச் சேர்க்கப்படுகின்றன என்பதற்கான சான்று மிதமானது, இரு பொருளுக்கும் இடம் தருவது என்பதே அவர்கள் முடிவு.

தொடக்க வாரங்களின் விரைவான முன்னேற்றத்துக்கு இடமாற்றம் தேவைப்படாத விளக்கமும் உண்டு. இரத்தம் முற்றிலும் நின்ற பகுதியைச் சுற்றி, உயிரோடிருந்தும் வேலை செய்ய முடியாத அளவுக்கு இரத்தம் குறைந்த திசு இருக்கும். ஹில்லிஸ் குழுவினரின் ஆய்வுகளில், அத்தகைய இடப்பக்கத் திசுவுக்கு இரத்த ஓட்டம் மீண்டதும் பெயர் சொல்லும் திறன் மீண்டது. வெள்ளம் வடிந்த வயலில் சாய்ந்த பயிர் நிமிர்வதைப் புது நாற்று நட்டதாகக் கணக்கெழுத முடியாது. மேலும், நோய்க்கு முன் ஒவ்வொருவர் மூளையும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஸ்டெஃபனி ஃபோர்கலின் குழு 2014இல் காட்டியபடி, வலப்பக்கத்து வில்வடிவ நரம்பிழைக் கற்றை பருமனாக இருந்தவர்கள் ஆறு மாதங்களில் கூடுதலாக மீண்டார்கள். பக்கவாதத்தின் தொடக்கக் கட்டத்திலேயே அளந்த பருமன் அது. எனவே அது பழைய உடைமை, நோய்க்குப் பின் உருவான புதுப் பாதை ஆகாது. ஹைதராபாத் நிஸாம் மருத்துவ நிலையத்தின் பதிவேட்டிலிருந்த 608 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2016இல் வெளியிட்ட முடிவும் இங்கே பொருந்தும். பக்கவாதத்துக்குப் பின் இயல்பான அறிதிறனோடு இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. மொழியிழப்பின் விகிதமோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றே. முந்தைய வாழ்க்கை மூளைக்குத் தந்த வேறுபாட்டை அளக்காமல், பிந்தைய படத்தில் காணும் வேறுபாட்டை மறுசீரமைப்பு என்று அழைப்பது சரியாகாது.

படிமங்களை விட்டு மருத்துவச் சான்றுகளைக் காட்டி இதை மறுக்கலாம். 1877இல் தாமஸ் பார்லோ விவரித்த சிறுவன், இடப்பக்கத் தாக்குதலில் பேச்சிழந்து மீண்டான். பின்னர் வலப்பக்கமும் தாக்கப்பட்டபோது மறுபடி இழந்தான். ஆனால் இரண்டாம் முறை அவனுக்குப் பிறர் பேச்சு விளங்கியது. போனது நாக்கையும் வாயையும் இயக்கும் ஆற்றல். அவ்வாற்றல் இரு அரைக்கோளங்களையும் சார்ந்தது. இரண்டும் சிதைந்தால் அது போவது எதிர்பார்க்கத் தக்கதே. மார்செல் கின்ஸ்போர்ன் 1971இல் மொழியிழப்பு கண்டவர்களின் வலப்பக்கத்தைச் சிறிது நேரம் மயக்கியபோது எஞ்சிய பேச்சும் நின்றது. இது வலிமையான சான்று, ஒப்புக்கொள்கிறேன். இடப்பக்கம் பெரிதும் அழிந்தவர்களுக்கு வலப்பக்கம் இன்றியமையாதது என்பதை அது காட்டுகிறது. எஞ்சிய குறைப்பேச்சை ஒரு பகுதி தாங்குகிறது என்பதிலிருந்து மீட்சி அதனால்தான் நடக்கிறது என்று முடிவுகட்ட இயலாது. உண்மையான இடமாற்றம் எப்படி இருக்கும் என்பதைப் பிறப்பையொட்டி இடப்பக்கப் பக்கவாதம் கண்டவர்கள் காட்டுகிறார்கள். எலிசா நியூபோர்ட் குழுவின் 2022ஆம் ஆண்டு ஆய்வில் அத்தகையோருக்கு மொழி வலப்பக்கத்தின் நேரிணையான பகுதிகளில் அமைந்திருந்தது. மொழித்திறனும் இயல்பாக இருந்தது. வளர்ந்தவர்களிடம் இதற்கு நிகரான முழுமையை எந்தப் படிம ஆய்வும் நிறுவவில்லை.

இது வெறும் கோட்பாட்டுப் பூசல் அல்ல. பாஸ்டனில் மார்கரெட் நேசர் குழு 2005இல் நான்கு நோயாளிகளுக்கு வலது முன்மடலின் ஒரு பகுதியைக் காந்தத் தூண்டலால் அடக்கியது. பெயர் சொல்லும் திறன் கூடியதாக அறிவித்தது. வலப்பக்க எழுச்சி மீட்சிக்குத் தடை என்பது இந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஒரே வகைப் படத்தை ஒரு சாரார் உதவி என்கிறார்கள், மறு சாரார் இடையூறு என்கிறார்கள். இரண்டு வாசிப்புக்கும் அது இடம்கொடுக்கிறது என்றால், அந்தப் படம் தனித்து எதையும் தீர்மானிக்கவில்லை என்றே பொருள். நோயாளியின் தலைமேல் கருவியை வைக்கும் முன் இந்த ஐயம் தீர்ந்தாக வேண்டும்.

அப்படியானால் படிம ஆய்வை விட்டுவிடலாமா? கூடாது. ஒவ்வொருவரும் செய்யக்கூடிய கடினத்தில் பணியை அமைத்து, இரத்த ஓட்டத் தாமதத்தைத் தனியே அளந்து, ஒரே நபரை முதல் வாரத்திலிருந்து ஓராண்டுக்கு மேல் தொடர வேண்டும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கேத்தி பிரைஸ் வழிநடத்தும் ப்ளோராஸ் திட்டம்போல், சிதைவின் இடத்தையும் கடந்த காலத்தையும் பெருந்தொகுப்பில் ஒப்பிட்டு மீட்சியைக் கணிக்க வேண்டும். இவ்வேலையில் பெரும்பகுதி முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் தோளில் விழுகிறது. குறுகிய ஒப்பந்தக் காலமோ ஒருமுறை எடுத்த படத்தை ஒப்பிட்டு எழுதவே தூண்டுகிறது. நிதி தரும் அமைப்புகள் தொடராய்வுக்கு ஏற்ற காலத்தைத் தர வேண்டும். மீட்சி நடக்கிறது என்பதில் ஐயமில்லை: ஜெர்மனியில் 156 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், பக்கவாதம் கண்டு ஆறு மாதம் கடந்தவர்களும் மூன்று வாரத் தீவிரப் பேச்சுப் பயிற்சியால் அன்றாட உரையாடலில் முன்னேறினார்கள். அந்த முன்னேற்றம் யாருக்கு, எந்த எஞ்சிய திசுவைக் கொண்டு கிடைக்கிறது என்று சொல்லும் ஆய்வே நோயாளிக்குப் பயன்படும். அதுவரை, வலது மூளை பொறுப்பேற்கும் என்ற ஆறுதலை நிறுவப்பட்ட உண்மையாக எந்தக் குடும்பத்துக்கும் நாம் சொல்லக் கூடாது.